காற்றில் பங்கு கேட்டவரும் வேங்கைவயல் தண்ணீரும்

2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதைச் சாதிக் கொடுமை என்றோம். சரிதான். ஆனால் அது சுற்றுச்சூழல் பிரச்சினையும்தான் என்று நம்மில் எத்தனை பேர் சொன்னோம்? இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், 2017இல் நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தபோது மண், நீர் என்று தமிழ்நாடே பேசியது. சேரியின் தண்ணீர் மட்டும் ஏன் 'சூழல்' கணக்கில் வருவதில்லை?

இந்தக் கேள்வியோடு அனில் அகர்வாலின் வாழ்க்கையைப் படிப்போம். கான்பூர் ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு அறிவியல் செய்தியாளர் ஆனவர். 1980இல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைத் தொடங்கினார். 1990இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று, புவி வெப்பமாவதற்கு இந்தியாவும் சீனாவும் பெரும் பொறுப்பு என்று கணக்குக் காட்டியது. 1991இல் அகர்வாலும் சுனிதா நாராயணும் அந்தக் கணக்கையே கேள்வி கேட்டார்கள். ஏழை உழவரின் நெல்வயலில் வரும் மீத்தேனும் பணக்காரரின் கார்ப் புகையும் ஒன்றா? ஒன்று உயிர் வாழ்வதற்கு, மற்றது சொகுசுக்கு. வளிமண்டலம் எல்லோருக்கும் பொது, ஆகவே தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரியுங்கள் என்றார்கள். உலகப் பேச்சுவார்த்தைகளில் ஏழை நாடுகள் இன்றும் கையில் எடுக்கும் வாதம் இது. 2002இல் அகர்வால் மறைந்தார்.

அவருடைய கேள்வியை நாம் மதிக்கிறோம். ஆனால் அது நாட்டின் எல்லையோடு நின்றுவிடக் கூடாது. 'இந்தியாவின் பங்கு' என்று வெளியே கேட்கும்போது, உள்ளே அந்தப் பங்கு யாருக்குப் போகிறது? அந்த நெல்வயலில் நாற்று நடுவது நம் அம்மாக்கள்; நிலம் அவர்கள் பெயரில் இல்லை. பொதுக்குளத்துத் தண்ணீரைக் குடிக்க 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் போராட வேண்டியிருந்தது. நம்மைப் பொறுத்தவரை இந்தியச் சூழல் நீதியின் முதல் பாடம் அதுதான். முகுல் சர்மா 2017இல் வெளியிட்ட 'சாதியும் இயற்கையும்' என்ற ஆங்கில நூல் இந்த இடைவெளியைத்தான் பேசுகிறது.

இந்த ஆய்வை நம் பிள்ளைகளே செய்ய வேண்டும். அங்கேதான் கதவு அடைக்கப்படுகிறது. பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் உதவித்தொகையின் விதிகள் 2022இல் மாற்றப்பட்டன. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்றார்கள். சேரியின் தண்ணீரை ஆராயப் போகிறேன் என்று ஒரு மாணவி விண்ணப்பித்தால் இந்த விதிதான் குறுக்கே நிற்கும்.

2025 ஜனவரியில் வேங்கைவயல் வழக்கின் குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே வந்ததை மறக்காதீர்கள். கணக்கை யார் எழுதுகிறார்களோ, பழி யார் மீது என்பதையும் அவர்களே எழுதுகிறார்கள். அகர்வால் வல்லரசுகளின் கணக்கைத் திருத்தச் சொன்னார். ஊரின் கணக்கைத் திருத்தச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

தோழர்களே, சூழலியல் படியுங்கள். நீர்க் கொள்கை படியுங்கள். உலக மேடைக்குப் போங்கள். போகும்போது வேங்கைவயலையும் கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.