செம்மறி வளர்ப்பில் முதலிடம் ஊசிக்கா, தீனிக்கா?

விற்காமல் கிடக்கும் சரக்கு முடங்கிய முதல் என்பது வியாபாரிகளாகிய எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்மறி ஆட்டுப் பண்ணையில் முதல் போட நினைப்பவர்களும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஈனும் ஆடு மீதி 215 நாட்களும் சினையின்றித் தீனி தின்கிறது. 8 மாதத்துக்கு ஒரு முறை ஈன்றால் 2 வருடத்தில் 3 ஈற்றுக் கிடைக்கும். இந்தக் கணக்கைக் காட்டி, "ஓமோன் கொடுத்தால் போதும், இலாபம் தானாக வரும்" என்று சொல்வோர் உண்டு. இதில் பாதிதான் உண்மை என்பது எனது அபிப்பிராயம்.

ஈன்ற ஆடு உடனே சினைப்படாததற்குக் காரணம் இருக்கிறது. சினைக்காலத்தில் உடலில் புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன் மிகுந்திருப்பதால் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அடங்கிப்போகிறது. குட்டி பால் குடிப்பது அதை மேலும் தாமதப்படுத்துகிறது. கர்ப்பப்பை பழைய நிலைக்குத் திரும்பவும் ஒரு மாதமளவு வேண்டும். முதற்தடவை முட்டை வெளிப்பட்டாலும் பெரும்பாலும் ஆடு வேட்கை காட்டாது, கிடாவையும் ஏற்காது.

இங்கேதான் பஞ்சு முறை உதவுகிறது. 1960களில் அவுஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரொபின்சன் என்ற ஆய்வாளரின் குழு வளர்த்தெடுத்த முறை இது. புரொஜெஸ்தரோன் போன்ற மருந்து ஊறிய சிறு பஞ்சை ஆட்டின் பிறப்புறுப்பினுள் 12 முதல் 14 நாட்கள் வைத்து எடுப்பார்கள். எடுக்கும்போது, சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து பெறப்படும் ஓமோனை ஊசியாகப் போடுவார்கள். அநேகமான ஆடுகள் 2, 3 நாட்களுக்குள் ஒன்றாக வேட்கைக்கு வரும்.

இதனால் கிடைப்பது என்ன? திகதி. மந்தை முழுவதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் ஈனும். ஹஜ்ஜுப் பெருநாள் வருடந்தோறும் 11 நாட்களளவு முந்தி வருவதால், சந்தைத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கிடா விடுபவருக்கு அந்தத் திகதிக்கு விலை உண்டு. அப்படியொரு சந்தை கையில் இல்லாதவருக்கு அது வீண் செலவு.

செலவு மருந்தோடு முடிவதுமில்லை. வழமையாக 30, 40 ஆடுகளுக்குப் போதுமான ஒரு கிடா, எல்லாம் ஒன்றாக வேட்கைக்கு வந்தால் 10 ஆடுகளுக்கே தாங்கும். ஊசியின் அளவு கூடினால் ஒரே ஈற்றில் 3, 4 குட்டிகள் வரலாம்; பால் போதாமல் அவை இறக்கவும் நேரும். மெலிந்த ஆட்டுக்கு எந்த மருந்தும் கைகொடுக்காது.

குளிர் நாடுகளில் பகல் நீளும் மாதங்களில் செம்மறி சினைப்படுவது குறைவு. அங்கே ஓமோனுக்குத் தேவை அதிகம். எமது நாட்டில் பகல் நேரம் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அவர்களுடைய கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் 3 வருடத்தில் 5 ஈற்று எடுக்க வகுத்த 'ஸ்டார்' முறைகூட ஓமோனை நம்பி நிற்கவில்லை. எல்லாப் பருவத்திலும் சினைப்படும் இனத்தையும், வருடத்தை 73 நாட்களாக 5 கூறாக்கிய கால அட்டவணையையுமே அது நம்பியது.

செலவில்லாத வழியும் உண்டு. கிடாவைக் கண்ணுக்கும் மோப்பத்துக்கும் எட்டாமல் ஒரு மாதமளவு பிரித்து வைத்து, பின்னர் திடீரென மந்தைக்குள் விட்டால் பல ஆடுகள் தாமாகவே வேட்கைக்கு வரும்.

எனவே என் யோசனை இதுதான். முதல் ரூபாய் தீனிக்கு, அடுத்தது நல்ல கிடாவுக்கு, பிறகு ஈற்றுத் திகதிகளை எழுத ஒரு கொப்பிக்கு. இம்மூன்றும் சரியாக இருந்து, வாங்குபவரும் திகதி குறித்துக் காத்திருந்தால், மிருக வைத்தியரை அழைத்துப் பஞ்சைப் பற்றிப் பேசுங்கள்.