அறுக்கிறது மார்க்கம், அந்தக் கயிறு?



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். முழுதாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். பால் தந்த மாட்டை எப்படிச் சாப்பிடுவது என்பார். ஆனால் இத்தனை வருடத்தில் எங்கள் சாப்பாட்டை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. போன பெருநாள் லீவு முடிந்து வந்தபோது மெதுவாகக் கேட்டார்: "சேர், அறுக்கிறது உங்கட மார்க்கம், விளங்குது. ஆனா அந்த மாட்டை ரெண்டு நாள் வெயிலில, தலையத் தூக்க ஏலாம கட்டி வச்சிருந்தாங்களே, அதுவும் மார்க்கமா?"

என் வாயில் முதலில் வந்தது நாம் எல்லோரும் சொல்லும் பதில்தான். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் இறைச்சிக் கடை வரிசையில் நிற்பது யார்? மீன் உயிர் இல்லையா? 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்ய அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தபோது, இறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்கலாம் என்றார்களே, அந்த நாட்டு மாட்டுக்கு வலிக்காதா? எல்லாம் நியாயமான கேள்விகள். டீச்சர் கேட்டதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

பிறகு கொஞ்சம் தேடி வாசித்தேன். பௌத்தம் என்றால் மரக்கறி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் மீன் வாங்குவதைக் கண்டு சிரிக்கிறோம். தேரவாத நூல்களில் அப்படி இல்லை. பிக்குகள் இறைச்சியே உண்ணக்கூடாது என்று விதி போடும்படி தேவதத்தன் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். தனக்காகக் கொல்லப்பட்டது என்று காணாத, கேள்விப்படாத, சந்தேகிக்காத இறைச்சியைப் பிக்கு ஏற்கலாம். ஆனால் இதைச் சொல்லும் அதே ஜீவக சூத்திரம், கொல்பவரின் பாவங்களையும் எண்ணுகிறது. கொல்லச் சொல்வது ஒன்று. கழுத்தில் கயிறு போட்டு இழுத்து வரும்போது அந்த உயிர் படும் வேதனை, அது தனியாக இன்னொன்று.

அறுப்பது அல்லாஹ் அனுமதித்தது என்கிறோம். அவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். அந்த வித்தியாசம் இருக்கட்டும். கயிற்றில் என்ன வித்தியாசம் இருக்கிறது? பிராணியைக் கிடத்திவிட்டு அதன் கண்முன்னே கத்தி தீட்டியவரை, அதை இரண்டு தடவை சாகடிக்கப் பார்க்கிறீரா என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கத்தியைக் கூராக்கி, அறுக்கும் பிராணிக்கு ஆறுதல் கொடுக்கச் சொன்ன ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. வருடா வருடம் குத்பாவில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வந்து, ஒழுங்கையில் வாலை முறுக்கி மாட்டை இழுக்கிறோம். பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பது என் வகுப்புப் பிள்ளைகள்.

"இப்படி எழுதினால் அவர்களுக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுப்பது மாதிரி" என்று ஒருவர் நிச்சயம் கொமெண்ட் போடுவார். 2013 வெசாக் அன்று கண்டியில், தலதா மாளிகைக்கு முன்னால், மாடறுப்பை எதிர்த்து ஒரு பிக்கு தன் உடலில் தீ மூட்டிக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார். அந்த நாட்களின் பயம் எனக்கும் நினைவிருக்கிறது. மாட்டின் பெயரால் நம்மைக் குறிவைப்பவர்கள் இருக்கிறார்கள்தான். டீச்சர் அவர்களில் ஒருவர் இல்லை.

அன்று அவரிடம், "இல்ல டீச்சர், அது மார்க்கம் இல்ல" என்று மட்டும் சொன்னேன்.

இம்முறை எங்கள் ஏழு பேரின் உழ்ஹிய்யா மாடு முதல் நாள் இரவுதான் வரும். நிழல், தண்ணீர், நீளக் கயிறு மூன்றும் என் பொறுப்பு. அறுக்கும் இடம் மற்ற மாடுகளுக்குத் தெரியாதபடி படங்கு கட்ட வேண்டும், பள்ளி நிருவாகத்திடம் பேசியாயிற்று. ஆட்கள்தான் தேவை. வரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.