மருத்துவமனை ஊழியர்களுக்குக் கிருமித்தொற்று: ஆபத்து எந்த வார்டில் இருக்கிறது?

2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதி. டான் டோக் செங் மருத்துவமனையின் 9டி வார்டில் வேலை செய்த தாதி ஒருவருக்குக் கோவிட்-19 உறுதியானது.

அது கோவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட வார்டு அல்ல, பொது வார்டு. அந்தத் தாதி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்.

அடுத்த சில நாள்களில் நோயாளிகள், மருத்துவர், துப்புரவாளர், பார்வையாளர்கள் என்று எண்ணிக்கை ஏறியது. கடைசியில் 40ஐத் தாண்டியது. வார்டுகள் மூடப்பட்டன. புதிய நோயாளிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மருத்துவமனை ஊழியர்கள் அனைவருக்கும் பரிசோதனை நடந்தது.

இதில் யோசிக்க ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டடம்தான் தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம். 330 படுக்கைகளுடன் 2019இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில், கிருமி இருப்பது உறுதியான நோயாளிகளை ஊழியர்கள் ஓர் ஆண்டுக்கும் மேலாக முழுக் கவச உடையில் கவனித்துக்கொண்டிருந்தார்கள். "அங்கேதான் ஆபத்து" என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைத்தோம். ஆனால் அந்தக் குழுமம் சாதாரண வார்டில் உருவானது.

அது ஏன்?

சார்ஸ் காட்டியது என்ன?

2003இல் சிங்கப்பூரில் 238 பேருக்கு சார்ஸ் வந்தது. 33 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் 97 பேர் சுகாதாரப் பராமரிப்பு ஊழியர்கள், அதாவது 41 விழுக்காடு. உலக அளவில் அந்த விகிதம் 21 விழுக்காடு. மலேசியாவில் மொத்தமே 5 பேருக்குத்தான் தொற்று. அவர்களில் மருத்துவமனை ஊழியர் ஒருவர்கூட இல்லை.

ஊழியர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் நோயாளி மார்ச் மாதத் தொடக்கத்தில் டான் டோக் செங்கில் சேர்க்கப்பட்டபோது, சார்ஸ் என்ற பெயரே கிடையாது. நிமோனியா நோயாளி என்றுதான் கவனித்தார்கள். அவரைப் பார்த்துக்கொண்ட தாதி ஒருவரிடமிருந்தும் பலருக்குக் கிருமி தொற்றியது.

பிறகு அந்த மருத்துவமனை சார்ஸ் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. பிரச்சினை அதோடு முடியவில்லை. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் கிருமி பரவியது. நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு போன்ற பழைய நோய்கள் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால், அந்த நோய்களின் விளைவு என்றுதான் முதலில் தோன்றும். சார்ஸ் அதற்குள் ஒளிந்துகொண்டது.

கேரளாவின் கோழிக்கோட்டில் 2018இல் நிப்பா பரவியபோதும் இதே கதைதான். முதல் நோயாளி, என்ன நோய் என்று தெரியுமுன்பே இறந்துவிட்டார். அவர் இருந்த மருத்துவமனைகளில்தான் மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றியது. அவரைக் கவனித்த தாதி ஒருவரும் உயிரிழந்தார். (நிப்பா என்ற பெயர் நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து வந்தது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் 100க்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கிய அந்தக் கிருமி, அப்போது முக்கியமாகப் பன்றிகளிடமிருந்து பரவியது.)

சார்ஸும் கோவிட்டும் ஒன்றல்ல

இரண்டும் ஒரே குடும்பத்துக் கிருமிகள். ஆனால் பரவும் நேரம் வேறு.

சார்ஸ் வந்தவர் நோய் முற்றிய பிறகுதான், ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில், அதிகம் பரப்புவார். அப்போது அவர் எங்கே இருப்பார்? மருத்துவமனையில்தான். சுற்றியிருப்பவர்கள் தாதியர், மருத்துவர். மருத்துவமனை ஊழியர்களை சார்ஸ் அவ்வளவு கடுமையாகத் தாக்கியதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் காய்ச்சல் வந்தவுடனே தனிமைப்படுத்தினால் சங்கிலியை அறுத்துவிடலாம். அப்போது ஊழியர்கள் தினமும் உடல் வெப்பநிலையைப் பார்த்தது சும்மா சடங்குக்காக அல்ல.

கோவிட் வந்தவரோ அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரப்ப ஆரம்பித்துவிடுவார். வெப்பமானியால் பிடிக்க முடியாது. கால் முறிந்து வந்த நோயாளி, அவரைப் பார்க்க வந்த மகள், பக்கத்து மேசையில் சாப்பிடும் சக ஊழியர் என்று யாரிடமும் இருக்கலாம். ஆளைப் பார்த்தால் தெரியாது.

அப்படியென்றால் முகக்கவசத்தால் என்ன பயன்?

நிறையப் பயன் உண்டு. 2020 மார்ச்சில் சிங்கப்பூர் மருத்துவர்கள் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்தார்கள். கடுமையான நிமோனியாவோடு வந்த ஒருவருக்குச் சுவாசக் குழாய் பொருத்தும் சிகிச்சை உட்பட பல சிகிச்சைகள் நடந்தன. அவருக்குக் கோவிட் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் 41 ஊழியர்கள் மிக அருகில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் 85 விழுக்காட்டினர் சாதாரண அறுவை சிகிச்சை முகக்கவசமும், மற்றவர்கள் என்95 கவசமும் அணிந்திருந்தனர். ஒருவருக்கும் தொற்றவில்லை.

ஒரே ஒரு நோயாளி என்பதால் அதை வைத்துச் சாதாரண முகக்கவசமே போதும் என்று சொல்லிவிட முடியாது. என்95 கவசம் மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தாடி இருந்தாலோ அளவு மாறினாலோ ஓரத்தில் காற்று புகுந்துவிடும். அதனால்தான் ஒவ்வோர் ஊழியருக்கும் பொருத்தச் சோதனை நடத்துகிறார்கள்.

அந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது வேறு. நோயாளிக்கு என்ன நோய் என்று தெரியாதபோதே எல்லாரும் எதையோ ஒன்றை அணிந்திருந்தார்கள். தெரிந்த பிறகு அணிவதைவிட அது முக்கியம்.

முகக்கவசம் கழற்றப்படும் இடங்களும் உண்டு: ஓய்வறை, உணவறை, உடை மாற்றும் அறை. 12 மணி நேர ஷிஃப்ட்டில் யாரும் சாப்பிடாமல் இருக்க முடியாது. நோயாளியின் படுக்கை அருகே அவ்வளவு கவனமாக இருந்தவர், பேன்ட்ரியில் தோழியோடு காப்பி குடிக்கும்போது தளர்வது மனித இயல்பு. 2020இல் மருத்துவமனைகள் ஊழியர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்ததன் நோக்கம் அதுவே: ஒரு குழுவில் தொற்று வந்தால் இன்னொரு குழு வேலையைத் தொடரலாம்.

ஊசியால் வரும் ஆபத்து

காற்றில் வரும் கிருமியைப் பற்றியே பேசுகிறோம். ரத்தத்தின் வழி வருவது செய்தியாவதில்லை.

நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் என்ன ஆகும்? நோயாளிக்கு ஹெப்படைட்டிஸ் பி இருந்து, ஊழியர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், இப்படிக் குத்துப்பட்ட 100 பேரில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றக்கூடும். எச்ஐவி என்றால் 1,000 பேரில் சுமார் 3 பேருக்கு. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி மிக நல்ல பாதுகாப்பு தரும். எச்ஐவிக்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் தொற்றைத் தடுக்க வாய்ப்பு அதிகம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

குத்துப்படுவது தாதியரும் மருத்துவர்களும் மட்டுமல்ல. பயன்படுத்திய ஊசியை அதற்குரிய பெட்டியில் போடாமல் குப்பைப் பையில் போட்டால், அதைத் தூக்கும் துப்புரவாளருக்குக் குத்தும். எந்த நோயாளியின் ஊசி என்றுகூட அவரால் சொல்ல முடியாது. "திட்டுவார்களோ" என்று பயந்து, கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தால் 72 மணி நேரம் ஓடிவிடும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் உலகில் 80,000 முதல் 180,000 சுகாதாரப் பராமரிப்பு ஊழியர்கள் கோவிட்டால் இறந்திருக்கலாம். இடைவெளி இவ்வளவு அகலமாக இருக்கக் காரணம், பல நாடுகளில் இறந்தவர் என்ன வேலை செய்தார் என்று முறையாகப் பதிவாகவில்லை.

உடம்பு சரியில்லை என்று யார் சொல்ல முடியும்?

"லேசான இருமல்தானே, எம்சி எடுத்தால் மற்றவர்களுக்கு வேலை கூடுமே" என்று தாதியர் தயங்குவது புதிதல்ல. மருத்துவமனை நிர்வாகங்கள் இதை அறிந்திருக்கின்றன. அறிகுறி இருந்தால் வேலைக்கு வராதீர்கள் என்று நேரடி ஊழியர்களிடம் சொல்லவும் முடியும், அவர்கள் இடத்துக்கு மாற்று ஆள் போடவும் முடியும்.

குத்தகை நிறுவனங்களின் வழியாக வரும் துப்புரவாளர்கள், உணவு கொண்டுவருபவர்கள், நோயாளிகளைத் தள்ளுவண்டியில் அழைத்துச் செல்பவர்கள் நிலைமை வேறு. இவர்களும் அதே வார்டுக்குள்தான் போகிறார்கள், சிலர் ஒரே நாளில் பல வார்டுகளுக்கு.

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்கு ஒருவர் குறைந்தது 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 3 மாதம் முடிந்தால் 5 நாள். ஆறு மாதம் ஆனால்தான் முழு 14 நாள். ஒரு நிறுவனம் விரும்பினால் கூடுதலாகக் கொடுக்கலாம். சட்டம் கட்டாயப்படுத்துவது அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன துப்புரவாளருக்குக் காலையில் தொண்டை வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தால் அன்றைய சம்பளம் போகலாம். வேலைக்குப் போனால் 30 படுக்கைகளைச் சுற்றித் துடைப்பார்.

காற்று வெளியே கசியாத அறைகளும் நல்ல கவசங்களும் தேவைதான், சிங்கப்பூர் அவற்றுக்குச் செலவு செய்திருக்கிறது. இந்தத் துப்புரவாளர் விஷயத்துக்கு அவ்வளவு பணம் வேண்டாம், சட்டத்தையும் திருத்த வேண்டாம். குத்தகை ஒப்பந்தத்தில், முதல் நாளிலிருந்தே சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு என்று ஒரு விதியைச் சேர்த்தால் போதும்.