சட்டம் மாறியது! சம்பளப் பட்டியல் மாறியதா?

ஒரு துணிக்கடை. அதில் 12 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி நல்லவர். மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுத்துவிடுவார். தீபாவளிக்குப் போனசும் புதுத்துணியும் உண்டு. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை.

ஆனாலும் அவர் சட்டத்தை மீறியவராக இருக்கலாம்!

எப்படி? வேலைக்குச் சேர்த்தபோது யாருக்கும் அவர் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. "நாளை முதல் வேலைக்கு வா தம்பி" என்று வாயால் சொன்னதோடு சரி. அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் ஆள் சேர்த்தார்.

தகப்பனார் காலத்துப் பழக்கம் இன்று செல்லாது.

29 சட்டம் 4 ஆனது

இந்தியாவில் தொழிலாளர் சட்டங்கள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. சம்பளப் பட்டுவாடா சட்டம் 1936-ல் வந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-ல் வந்தது. போனஸ் சட்டம் 1965-ல் வந்தது. பணிக்கொடைச் சட்டம் 1972-ல் வந்தது. ஒவ்வொரு சட்டமும் 'சம்பளம்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு பொருள் சொல்லிற்று.

இப்படிப்பட்ட 29 மத்திய சட்டங்களைச் சேர்த்து 4 சட்டங்களாக ஆக்கினார்கள். சம்பளச் சட்டம் 2019-ல் நிறைவேறியது. தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, வேலை இடத்தின் பாதுகாப்பு ஆகியவை பற்றிய மற்ற மூன்றும் 2020-ல் நிறைவேறின. நான்கும் 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்தன.

எண்ணிக்கை குறைந்தது. வேலை குறைந்ததா? அதுதான் இல்லை.

எது சம்பளம்?

ஒரு கணக்குப்பிள்ளைக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. அதில் அடிப்படைச் சம்பளம் 8 ஆயிரம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் சேர்ந்து 12 ஆயிரம்.

படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மிஞ்சியதையும் சம்பளமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது புதிய சட்டம். ஆகவே இவருடைய சம்பளம் 8 ஆயிரம் அல்ல, 10 ஆயிரம்.

இதனால் என்ன லாபம்? ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணிக்கொடையைப் பாருங்கள். மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். 20 வருடம் உழைத்தவருக்கு 8 ஆயிரம் கணக்கில் சுமார் 92 ஆயிரம் ரூபாய் வரும். 10 ஆயிரம் கணக்கில் சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம் வரும்.

வித்தியாசம் 23 ஆயிரம் ரூபாய்! ஒரு குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல. இதைக் கவனிக்காத முதலாளிக்கோ இது அவர் அறியாமலே வளரும் கடன்.

சேமநிதி உள்ள இடங்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. சம்பளக் கணக்கு உயர்ந்தால் பிடித்தமும் உயரலாம். கைக்கு வரும் பணம் சற்றுக் குறையலாம். காரணம் சொல்லாமல் பிடித்தால் என்ன ஆகும்? "முதலாளி கை வைத்துவிட்டார்" என்றுதான் தொழிலாளி நினைப்பார்.

வேறு மாறுதல்களும் உண்டு. வேலையை விட்டு விலகியவருக்கு 2 வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். இத்தனை காலம் என்று தவணை குறித்து வேலைக்கு எடுக்கப்பட்டவர், பணிக்கொடைக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் போதும்.

பழையதும் போகவில்லை

புதியதைப் படித்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. சட்டங்கள் நடைமுறைக்கு வந்த நாளில் விதிகள் எல்லாம் தயாராகி இருக்கவில்லை. மாறுகிற காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது.

தமிழ்நாட்டுக் கடைகளுக்கு 1947-ம் வருடச் சட்டம் தனியே இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் அதில் சேர்த்தார்கள். 10 பேர் வேலை பார்க்கும் இடத்தில், பெண்களுக்குத் தொல்லை நேர்ந்தால் விசாரிக்க ஒரு குழு வேண்டும். இது 2013-ம் வருடச் சட்டம். பிரசவ விடுமுறை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது 2017-ல். குறைந்தபட்சக் கூலியோடு சேரும் பஞ்சப்படி ஏப்ரல் 1-ந் தேதிதோறும் மாறுகிறது.

பெரிய மில்லில் இதையெல்லாம் கவனிக்கத் தனி அதிகாரி உண்டு, வக்கீல் உண்டு. சிறு கடையில் ஒரே ஒரு கணக்குப்பிள்ளைதான். சட்டம் மாறும்போது அதிகம் தடுமாறுவது சிறியவர்களே.

எதிர்ப்பும் அபராதமும்

இந்தச் சட்டங்களை எல்லோரும் வரவேற்கவில்லை. ஆட்குறைப்புக்குச் சர்க்கார் அனுமதி பெற வேண்டிய கட்டாயம் முன்பு 100 பேர் உள்ள ஆலைக்கே இருந்தது. இப்போது 300 பேர் என்று ஆகிவிட்டது. இதனால் வேலைக்குப் பாதுகாப்புப் போய்விடும் என்று பல தொழிற்சங்கங்கள் 2025 நவம்பர் 26-ந் தேதி நாடெங்கும் கண்டனம் தெரிவித்தன.

வாதம் நடக்கட்டும். ஆனால் வாதம் முடியும் வரை சட்டம் காத்திருக்காது. சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 5 வருடத்துக்குள் மறுபடியும் அதே குற்றம் செய்தால் 3 மாதம் வரை ஜெயில்கூடக் கிடைக்கலாம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

என்ன செய்யலாம்?

முதலாளிகள் பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம், ஒழுங்கான சம்பளச் சீட்டு, வருகைப் பதிவேடு இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீரும். வருடம் ஒரு முறை, ஏப்ரல் மாதத்தில், தொழிலாளர் துறை அலுவலகத்திலோ விவரம் தெரிந்த தணிக்கையாளரிடமோ கணக்கைக் காட்டிச் சரி பார்க்கலாம். புதிய சட்டப்படி, சோதனைக்கு வரும் அதிகாரிக்கு வழி சொல்லிக்கொடுக்கும் கடமையும் உண்டு. அவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

சர்க்காருக்கும் ஒரு கடமை இருக்கிறது. சட்டம் மாறும்போதெல்லாம், பத்துப் பேர் வேலை பார்க்கும் கடைக்காரருக்கும் புரியும்படி எளிய தமிழில் ஒரே ஒரு தாள் அச்சிட்டுக் கொடுத்தால் போதும். புரியாத சட்டத்தால் தொழிலாளிக்கும் பயன் இல்லை. முதலாளிக்கும் நிம்மதி இல்லை.

"வா தம்பி" என்ற அன்பான வார்த்தை இருக்கட்டும். அதோடு கையில் ஒரு கடிதமும் இருக்கட்டும்!