ஜூஜுவாடி வீட்டு கேட்டுக்கு மோட்டார்: குளிரைப் பார்ப்பதா, குழந்தையைப் பார்ப்பதா?

கராஜ் கதவுக்கு மோட்டார் போடலாம் என்று யூடியூபில் தேடினால், முதலில் வந்து நிற்பவை கனடா, அமெரிக்க வீடியோக்கள்தான். வாசலில் பனிக் குவியல், உள்ளே கார், பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லாமல் மேலே ஏறும் கதவு. அதைப் பார்த்ததும் ‘குளிர் பிரதேசத்துக்கு ஏற்றது’ என்று போட்டிருக்கும் மாடலை வாங்கத் தோன்றுவது இயல்பு. ஓசூரும் குளிர்ந்த ஊர்தானே!

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஓசூர். கர்நாடக எல்லையில், செக்போஸ்ட்டை ஒட்டிய ஜூஜுவாடியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் ஷிஃப்டுக்குக் கிளம்ப முடியாது. ஆனால் மனிதனுக்குக் குளிர்வது வேறு, மெஷினுக்குக் குளிர்வது வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் வாங்கினால் தேவையில்லாததற்குப் பணம் போகும். தேவையானது விட்டுப்போகும்.

நிஜக் குளிர் மோட்டாரை என்ன செய்யும்?

டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். சில நாட்களில் மைனஸ் 20-ஐத் தொடும். அந்தக் குளிரில் நான்கு விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, தண்டவாளத்திலும் உருளைகளிலும் இருக்கும் கிரீஸ் கெட்டியாகிவிடும். கதவு இறுகும், மோட்டார் திணறும். ‘ஏதோ தடை இருக்கிறது’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு பாதியில் திரும்பியும் போகும். இரண்டு, கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் குளிரில் எளிதாக உடையும். மூன்று, கதவின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டை தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். நான்கு, பேட்டரியின் திறன் குறையும். மைனஸ் 18 டிகிரியில் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி ஏறக்குறைய பாதி திறனைத்தான் கொடுக்கும்.

அதனால்தான் அங்கே பெல்ட்டில் ஓடும் டிசி மோட்டார், மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும் வசதி, குளிரில் உறையாத சிலிக்கான் லூப்ரிகன்ட் என்று சொல்கிறார்கள். திருகுத் தண்டில் ஓடும் ஸ்க்ரூ டிரைவ் மாடல்கள் வெப்பநிலை மாற்றத்துக்கு அதிகம் வளைந்து கொடுக்காது என்பதால், கடும் குளிர் ஊர்களில் அவற்றைத் தவிர்க்கச் சொல்வதும் உண்டு. வேலைக்காக கனடா போய் வீடு வாங்குபவர்களுக்கு இதெல்லாம் அவசியம்.

ஜூஜுவாடிக்கு இது எவ்வளவு பொருந்தும்?

நேராகச் சொன்னால், கிட்டத்தட்ட பொருந்தவே பொருந்தாது. சந்தையில் கிடைக்கும் கேட் மோட்டார்கள் பலவற்றின் விவரக் குறிப்பில் மைனஸ் 20 முதல் 50 டிகிரிக்கு மேல் வரை இயங்கும் என்றே இருக்கும். ஓசூர் குளிர் அந்த வரம்பின் பக்கம்கூடப் போகாது. உறைபனி பெய்யும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும்கூட அந்த மோட்டார் போதும்.

இந்த ஊரில் மோட்டாரைக் கெடுப்பவை வேறு. தேசிய நெடுஞ்சாலை 44-லும் சிப்காட் சாலைகளிலும் லாரிகள் கிளப்பும் தூசு, மழை, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், சர்க்யூட் போர்டு பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும் எறும்பும் பல்லியும். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, “ஐபி ரேட்டிங் எவ்வளவு?” என்பது. அந்த இரண்டு இலக்க எண்ணில் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. திறந்த வெளியில் நிற்கும் மோட்டாருக்கு ஐபி 44-க்குக் குறையாமல், முடிந்தால் ஐபி 54 இருப்பது நல்லது. ஒயர் நுழையும் ஓட்டைகளை அடைக்கச் சொல்ல வேண்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு குறைவு, பலன் அதிகம்.

முதலில் கதவு, பிறகு மோட்டார்

அமெரிக்க வீடியோவில் வருவது, மடிந்து மேலே ஏறும் கதவு. ஓசூர் லேஅவுட்களில் 30-க்கு 40 மனை, கீழே கார் பார்க்கிங், மேலே வீடு, முன்னால் இரும்பு கேட். அதாவது இங்கே தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்லைடிங் கேட், ஸ்விங் கேட், ரோலிங் ஷட்டர் ஆகியவற்றுக்கான மோட்டார்தான்.

ஸ்லைடிங் கேட் என்றால், 12 அடி வழிக்கு கேட் ஒதுங்கி நிற்க இன்னொரு 12 அடி வேண்டும். 30 அடி முகப்பில் அது இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஸ்விங் கேட் தெருப் பக்கம் திறந்தால், நடந்து போகிறவர்மீது இடிக்கும். உள்பக்கம் திறந்தால் காருக்கான இடத்தைத் தின்னும். ரோலிங் ஷட்டருக்குள் பொருத்தும் குழாய் மோட்டார்கள் தொடர்ந்து சில நிமிடங்கள் ஓடினாலே சூடாகித் தானாக நின்றுவிடும். அது பழுது அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

‘பெல்ட்டா, செயினா’ என்ற விவாதமும் மேலே ஏறும் கதவுக்கு மட்டும்தான். ஸ்லைடிங் கேட்டில் பல் சக்கரமும் பல் பட்டையும்தான் வேலை செய்யும். நைட் ஷிஃப்ட் முடித்து வரும்போது பக்கத்து வீடு எழுந்துவிடக் கூடாது என்றால், மோட்டாரைவிட கேட்டின் வீலையும் தண்டவாளத்தையும் கவனிப்பதே சரி.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மோட்டார் இல்லாமல், ஒரு கையால் தள்ளினால் கேட் சுலபமாக நகர வேண்டும். நகரவில்லை என்றால் வெல்டரைக் கூப்பிட்டு கேட்டைச் சரிசெய்த பிறகுதான் மோட்டார் பற்றிப் பேச வேண்டும். இறுகிய கேட்டுக்குப் பெரிய மோட்டார் போடுவது, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஆக்சிலேட்டர் கொடுப்பது போல.

சென்சார் ‘ஆப்ஷனல்’ இல்லை

விலைப்பட்டியல்களில் மோட்டார், ரிமோட், பல் பட்டை எல்லாம் மொத்த விலையில் இருக்கும். குறுக்கே ஆள் நின்றால் கதவை நிறுத்தும் போட்டோ சென்சார் மட்டும் கடைசி வரியில் ‘ஆப்ஷனல்’ என்று தனி விலையில் இருப்பதைப் பார்க்கலாம். பட்ஜெட் இடிக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான். இதுதான் இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய தப்பு.

அமெரிக்காவில் தானியங்கி கராஜ் கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் 1990-ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு உபயோக மாடல்களில், சிக்கிக்கொள்வதைத் தடுக்கும் கூடுதல் ஏற்பாடு கட்டாயமானது. கதவு எதன்மீதாவது பட்டால் 2 விநாடிக்குள் திரும்ப வேண்டும். தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாத உயரத்தில் சென்சார் இருக்க வேண்டும். ஏன் அவ்வளவு தாழ்வாக? தவழ்ந்து போகும் குழந்தையும் அதன் பார்வையில் பட வேண்டும் என்பதால்தான்.

தமிழ்நாட்டில் கேட் சரிந்து குழந்தை பலி என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. மோட்டாரே இல்லாத கேட்டுகளின் கதை அது. தண்டவாளத்தின் முனையில் ஸ்டாப்பர் இல்லாததும், மேலே பிடித்து நிறுத்தும் கைடு ரோலர் தளர்ந்துபோவதுமே கேட் சரிய வழி விடுகின்றன. அதே கேட்டுக்கு மோட்டாரும் போட்டால், லிமிட் சுவிட்ச் பழுதாகும் நாளில் அது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடும்.

ஆகவே சென்சார், இரு முனையிலும் ஸ்டாப்பர், கைடு ரோலர் ஆகிய மூன்றும் மோட்டாரோடு சேர்ந்தே விற்கப்பட வேண்டும். சென்சாரைக் கழற்றி வைத்து விலையைக் குறைத்துக் காட்டுவதை அரசு அனுமதிக்கக் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டக் கூடாது என்று சொல்கிற ஊரில், சென்சார் இல்லாமல் பல நூறு கிலோ இரும்பை ரிமோட்டில் ஓட்டலாம் என்பது என்ன நியாயம்?

கரண்ட் போனால்? ரிமோட் திருடு போனால்?

2017 அக்டோபரில் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் நின்றது. கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உள்ளேயே மாட்டிக்கொண்டனர். அதன் விளைவாக, 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கப்படும் ஒவ்வொரு வீட்டு கராஜ் மோட்டாருக்கும் பேட்டரி பேக்கப் கட்டாயமாக்கப்பட்டது. இங்கே காட்டுத்தீ இல்லை, ஆனால் பவர் கட் உண்டு. வீட்டு இன்வெர்ட்டரில் கேட் லைனையும் சேர்க்கலாம், இல்லையென்றால் பேட்டரியோடு வரும் 24 வோல்ட் டிசி மாடல் வாங்கலாம். அதைவிட முக்கியம், கையால் திறக்க உதவும் ரிலீஸ் சாவி எங்கே இருக்கிறது, எப்படித் திருப்புவது என்பது வீட்டில் இருக்கும் அம்மா, பாட்டி உட்பட எல்லோருக்கும் தெரிந்திருப்பது.

அடுத்தது ரிமோட். பழைய வகை ரிமோட்டுகளில் கோட் மாறவே மாறாது. 12 குட்டி சுவிட்ச் கொண்ட ரிமோட்டில் மொத்தமே 4,096 சேர்க்கைகள்தான். இந்த வகைக் கதவுகளைச் சுமார் 10 விநாடியில் திறக்கலாம் என்று, மேட்டல் நிறுவனத்தின் ஒரு பொம்மையை மாற்றியமைத்து 2015-ல் காட்டினார் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கார். அதனால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறும் ‘ரோலிங் கோட்’ ரிமோட்டா என்று கேட்டு வாங்க வேண்டும். வைஃபை, ஆப் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

எல்லை தாண்டி சர்வீஸ் வருமா?

ஜூஜுவாடியில் இருப்பவர்களுக்கு ஓசூர் கடையும் பக்கம், பெங்களூரு கடையும் பக்கம். விலை குறைவு என்று எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் ராத்திரி 11 மணிக்கு கேட் பாதியில் நின்றால், வந்து பார்ப்பது யார்? ‘சர்வீஸ் ஏரியா’வில் தமிழ்நாட்டுப் பக்கமும் சேர்கிறதா, போர்டு மாற்ற எத்தனை நாள் ஆகும், வாரண்டியில் மழைத் தண்ணீரும் மின்னலும் அடங்குமா என்பதைப் பில் போடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

மோட்டார் பொருத்தி முடித்ததும், பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யலாம். மேலிருந்து இறங்கும் கதவாக இருந்தால், ஒன்றரை அங்குலத் தடிமன் உள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்க வைத்து மூடச் சொல்ல வேண்டும். பட்ட உடனே கதவு மேலே திரும்ப வேண்டும். ஸ்லைடிங் கேட்டாக இருந்தால், மூடிக்கொண்டு வரும்போது சென்சார் முன்னால் ஒரு அட்டைப் பெட்டியை நீட்ட வேண்டும். கேட் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் வேலை முடியவில்லை, பில்லும் முடியவில்லை.