காவிரியில் சொந்தப் படகு விடலாமா?



வெளிநாட்டில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் குழுவில் கேட்டிருந்தார்: "சார், காற்றடிக்கிற படகு ஒன்று வாங்கிவிட்டேன். லீவில் வரும்போது மேட்டூரிலிருந்து முக்கொம்பு வரை ஆற்றிலேயே போகலாமா?" பாதிப் பேர் சிரித்தீர்கள். எனக்கு அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை.

ஒண்டிக்கடையில் இருக்கும் நமக்குப் படகு என்றால் ஏரிப் படகுதான். ஏறின இடத்திலேயே இறங்கிவிடுவோம். லேடீஸ் சீட்டில் நின்றால் மேகமில்லாத நாளில் மேட்டூர் தண்ணீர் தகடு மாதிரி மின்னும். அதற்குக் கீழே ஆறு எப்படிப் போகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குக் கீழே, பவானி போய்ச் சேர்வதற்குள் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டு விளக்கும் அதில்தான் எரிகிறது. ஆனால் ஒன்றில்கூடப் படகு கடந்துபோக வழி வைக்கவில்லை. தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில் பிரச்சினை இல்லை. பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு விசைப்படகு போய்வருகிறது. கதவணைக்குக் கீழேதான் ஆபத்து. முழங்கால் அளவு தண்ணீரில் பாறை தெரியும். கதவைத் திறந்தால் நிலைமையே வேறு.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். ஆர்தர் காட்டன் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை 1852இல் முடித்தபோதே படகு ஏறி இறங்க லாக் வைத்துக் கட்டினார். ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றிலும் இப்படி லாக் வழியாகப் படகுகள் போகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 111 தேசிய நீர்வழிகள் அறிவித்தார்கள். அதில் காவிரி-கொள்ளிடமும் உண்டு. காகிதத்தில் உண்டு.

நான் லாக் கட்டச் சொல்லவில்லை, அதற்குக் கோடிக்கணக்கில் ஆகும். படகைத் தூக்கிச் சுமந்துபோக ஒரு நடைபாதை, இறங்க ஒரு படித்துறை, கதவு திறக்கும் நேரத்தை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு. இவ்வளவுதான். படகுக்காரனைவிடத் துணி துவைக்கிற பெண்களுக்கும், ஆடிப் பதினெட்டுக்கு முழுக வருகிற பிள்ளைகளுக்கும்தான் இது முதலில் உதவும்.

இன்னொன்று. பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவன் ஆற்றைப் பார்ப்பது அரை நிமிஷம். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சாயக்கழிவு எந்த வாய்க்காலில் வந்து விழுகிறது என்பது தண்ணீரில் போகிறவன் கண்ணில்தான் படும். ஆற்றில் ஆள் நடமாட்டம் நின்றுபோனதும் அது கொல்லைப்புறமாகிவிட்டது என்பது என் எண்ணம். கோபிப்பவர்கள் கோபியுங்கள்.

தம்பி, உனக்குப் பதில்: இந்த வருஷம் முக்கொம்பு வரை வேண்டாம். வழக்கமாக ஜூன் 12க்கு மேட்டூரைத் திறந்துவிட்டால் வேகம் அதிகம். ஜனவரி கடைசியில் மூடிவிட்டால் ஈரோட்டுக்குக் கீழே படகை நீதான் சுமக்க வேண்டும். பூலாம்பட்டித் தேக்கத்தில் ஓர் உள்ளூர்ப் பரிசல்காரரைக் கூட்டிக்கொள், அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடு. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே.

மின்வாரியத்திலும் பொதுப்பணித் துறையிலும் இருக்கும் நம் பிள்ளைகள், கதவு திறக்கும் தகவலை இப்போது கரையோர ஊர்களுக்கு எப்படிச் சொல்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். மனு எழுத அது எனக்கு வேண்டும்.