மனநல ஊழியர் பயிற்சி: இங்கிலாந்தின் கறுப்பின மக்கள் கேட்கும் கணக்கு

இங்கிலாந்தின் அரசுப் பொதுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ்., நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான இனச் சமத்துவச் செயல்திட்டம் ஒன்றை 2023 அக்டோபரில் வெளியிட்டது. மனநலச் சேவை வழங்கும் என்.எச்.எஸ். நிறுவனங்கள் அனைத்தும் அதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். ஊழியர்கள் தாம் பணியாற்றும் மக்களின் பண்பாட்டையும் வாழ்நிலையையும் அறிந்து செயல்படும் திறன் பெறுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. கறுப்பின மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வலியுறுத்திவரும் இக்கோரிக்கை மரணங்களிலிருந்து பிறந்தது. எனவே பயிற்சி நடந்ததா என்ற கேள்வியோடு நின்றுவிட முடியாது. அதனால் வார்டுக்குள் என்ன மாறியது என்பதற்கும் அரசு கணக்குக் காட்டியாக வேண்டும்.

இரு மரணங்கள்

ஜமைக்காவில் பிறந்த டேவிட் பென்னட், 1998 அக்டோபர் 30 அன்று நாரிச் நகரின் நார்விக் கிளினிக்கில் இறந்தார். அவருக்கு வயது 38. அன்று மற்றொரு நோயாளியோடு தகராறு மூண்டபோது அவர்மீது இனவசை வீசப்பட்டது. ஆயினும் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பென்னட்தான். அங்கு அவர் செவிலியர் ஒருவரைத் தாக்கியதும், ஊழியர்கள் அவரைக் குப்புறக் கிடத்தி ஏறத்தாழ 25 நிமிடங்கள் அழுத்திப் பிடித்தனர். கறுப்பின நோயாளிகள் பலர் இருக்கும் இடத்தில் கறுப்பின ஊழியர் இல்லை, குறைந்தது இருவரையேனும் நியமியுங்கள் என்று இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் பிளோஃபெல்ட் தலைமையிலான குழுவின் விசாரணை அறிக்கை 2004இல் வெளிவந்தது. மனநலப் பணியாளர் அனைவருக்கும் பண்பாட்டுப் புரிதலில் பயிற்சி வேண்டும். எந்த நோயாளியையும் மூன்று நிமிடங்களுக்குமேல் குப்புற அழுத்திப் பிடிக்கக் கூடாது என அது பரிந்துரைத்தது. அதற்கு விடையாக 2005இல் அரசு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. சமூகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே பாலமாக 500 சமூக மேம்பாட்டுப் பணியாளர்களை நியமிப்பது அதன் ஒரு பகுதி.

அந்த ஐந்தாண்டு முடிவுற்ற 2010ஆம் ஆண்டிலேயே, இலண்டனின் பெத்லம் ராயல் மருத்துவமனைக்குத் தன்விருப்பில் சென்ற 23 வயதுக் கறுப்பின இளைஞர் ஒலாசெனி லூயிஸை 11 காவலர்கள் அழுத்திப் பிடித்தனர். அவர் நினைவிழந்து, சில நாள்களில் இறந்தார். காவலர்கள் பயன்படுத்திய பலம் வரம்பு மீறியது என்று கூற மரண விசாரணை ஜூரிக்கு 2017 வரை காலம் ஆயிற்று.

எண்கள் கூறுவது

2017–18ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மனநலச் சட்டத்தின்கீழ் ஒரு இலட்சம் கறுப்பினத்தவருக்கு 288.7 என்ற வீதத்தில் கட்டாயத் தடுத்துவைப்புகள் நிகழ்ந்தன. வெள்ளையருக்கு அது 71.8. நான்கு மடங்கு வேறுபாடு. 2022–23இலும் அது மூன்றரை மடங்காகவே இருந்தது. பணியாளரை நியமித்தார்கள், ஆனால் யாரை அடைத்துவைப்பது, யாரை அழுத்திப் பிடிப்பது என்ற முடிவுகளில் அவர்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. முடிவெடுப்போர் மாறாதபோது பாலத்தால் என்ன பயன்?

லூயிஸின் பெற்றோர் நடத்திய போராட்டத்தின் விளைவாக, மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகம் குறித்த சட்டம் 2018இல் நிறைவேறியது. 'செனியின் சட்டம்' என மக்கள் அதை அழைக்கின்றனர். வழக்கறிஞர் என்ற முறையில் அதன் 5ஆம் பிரிவை முக்கியமாகக் கருதுகிறேன். பன்முகத்தன்மைக்கு மதிப்பளித்தல், சட்டவிரோதப் பாகுபாட்டைத் தவிர்த்தல், பலப்பிரயோகத்தைக் குறைக்கும் வழிமுறைகள், நோயாளியின் முன்னைய உளக்காயங்களின் தாக்கம் ஆகியவற்றில் ஊழியருக்குப் பயிற்சி அளிப்பது அதன்படி சட்டக் கடமை. பலப்பிரயோகத்தைப் பதிவு செய்கையில் நோயாளியின் இனத்தையும் குறிக்க வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. பயிற்சியும் பதிவும் இணையும்போதுதான் பயிற்சியின் பலனை அளக்க முடியும். எனினும் மூன்று நிமிட வரம்பு இச்சட்டத்திலும் இடம்பெறவில்லை.

எதைக் கற்பிப்பது?

கறுப்பினத்தவரின் உணவு, வழிபாடு, உறவுமுறை ஆகியவற்றைப் பட்டியலிட்டுக் கற்பிப்பதே பயிற்சி என்று கொண்டால், மாற வேண்டியவர் நோயாளியே என்றாகிவிடும். உரத்த குரலை வன்முறையாகவும், காவல்துறைமீதான அச்சத்தை நோயின் அறிகுறியாகவும் வாசிக்கும் ஊழியரின் பார்வையே முதற்பாடமாக வேண்டும். அப்பார்வைக்கு நீண்ட வரலாறு உண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பியோடுவதே ஒரு மனநோய் என்று 1851இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட் எழுதினார். மனநல மருத்துவத்தில் நிலவிய இனவாதத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மன்னிப்புக் கோரியதோ 2021இல். தம் துறையின் இவ்வரலாற்றை அறியாத ஊழியருக்கு நோயாளியின் அவநம்பிக்கையும் நோயாகவே தோன்றும். இப்பாடத்தை நடத்தும் பொறுப்பு, அச்சிகிச்சையை அனுபவித்த கறுப்பின மக்களிடம் ஊதியத்தோடும் அதிகாரத்தோடும் ஒப்படைக்கப்பட வேண்டும்.

நமது சட்டத்தின் இடைவெளி

இந்தியாவின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 ஒரு வகையில் முன்னேறியது. அதன் 18ஆம் பிரிவு, சாதி அடிப்படையிலான பாகுபாடின்றி மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை வெளிப்படையாக வழங்குகிறது. பயிற்சியைப் பற்றிப் பேசும் 31ஆம் பிரிவோ, அரசு மருத்துவமனை மற்றும் சிறை மருத்துவ அலுவலர்களுக்கு அடிப்படை, அவசர மனநலச் சிகிச்சையில் பயிற்சி வேண்டும் என்பதோடு நிற்கிறது. சாதி என்ற சொல் அங்கே இல்லை. உரிமை ஒரு பிரிவிலும் பயிற்சி மற்றொரு பிரிவிலும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. வன்கொடுமையில் உறவை இழந்து உறக்கமற்றுப் போன ஒரு தலித் பெண்ணை எதிர்கொள்ளும் மருத்துவர், அவர் துயரத்தில் சாதியின் பங்கு என்ன என்று கேட்கக் கற்றிருக்க வேண்டும். அதை விதியாக்கி, பாடத்திட்டத்தில் சேர்த்து, ஆண்டுதோறும் சமூகவாரியான தரவை வெளியிடுமாறு மாநில மனநல ஆணையங்களிடம் கோரிக்கை வைப்பது உடனடியாகச் செய்யத்தக்கது. இங்கிலாந்தின் கறுப்பினக் குடும்பங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் உயிரை இழந்த பிறகே சட்டத்தின் கதவைத் திறக்க முடிந்தது. நமக்குச் சட்டம் முன்பே கையில் இருக்கிறது.